அறுபத்துநாலு அங்குலக் கட்டில்

பத்தே நிமிடத்தில் வீட்டுக்குப் படம் போட்டுவிடலாம் என்றார்கள். சொன்னவர்கள் சென்னையிலிருந்து வந்த நாலு பேர். கேட்டவர்கள் கல்யாண மண்டபத்துத் தரையில் பதினோரு நாளாகப் பாய் விரித்துப் படுத்துக் கிடந்த எங்கள் தெருக்காரர்கள். மணிமுத்தாறு கரையைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்து, பள்ளத்துப் பக்கம் இருந்த வீடுகளை எல்லாம் கரைத்துக்கொண்டு போயிருந்தது. என் வீடு மேட்டுப் பக்கம். மூன்றாவது படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. தை பிறந்தால் மண்டபத்தில் முகூர்த்தங்கள் இருந்தன. மண்டபத்துக்காரர் தினமும் காலையில் வந்து, எல்லாரையும் நலம் விசாரிப்பதுபோல், எப்போது கிளம்புவீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போவார்.

அந்த நாலு பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை, கழுத்தில் அட்டை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள காலி மனையில் தற்காலிகக் கொட்டகைகள் போட்டுத் தரப் போகிறார்களாம். நல்ல விஷயம், யார் வேண்டாம் என்றார்கள்? போட்டுத் தொலைய வேண்டியதுதானே. அதுதான் இல்லை. அவரவர் கொட்டகையை அவரவரே வடிவமைக்க வேண்டுமாம். அதற்கென்றே ஒரு எளிய கம்ப்யூட்டர் கருவி செய்து, ஆறு டேப்லெட்டுகளில் ஏற்றி, அட்டைப் பெட்டியில் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார்கள். "குழந்தைகூட யூஸ் பண்ணலாம்" என்றார் தலைவர் மாதிரி இருந்தவர். குழந்தைகள்தான் பண்ணின. பெரியவர்களால் அதைத் தொடவே முடியவில்லை.

சிரிக்கக்கூடாது, நிஜமாகவே தொட முடியவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு செராமிக் வேலை. பியூஸ் கட்டை வார்ப்பது, பொம்மைக்கு மண் ஊற்றுவது, காய்ந்ததைத் துணியால் தேய்ப்பது. இருபது முப்பது வருடம் களிமண்ணும் பிளாஸ்டரும் தேய்த்த விரல்களில் ரேகையே இருக்காது. ரேஷன் கடையில் கைநாட்டு எந்திரம் எங்களை மனிதராக மதிக்காது. இந்தக் கண்ணாடியும் மதிக்கவில்லை. ஒருவர் அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், விரலை நக்கிவிட்டுத் தேய்த்தும் பார்த்தார். அந்த நால்வரில் ஒருத்தியான, நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "பயனாளர் தயங்குகிறார்" என்று எழுதிக்கொண்டாள். அட தாயே, அவர் எங்கே தயங்கினார்? கண்ணாடிதான் தயங்கியது.

எப்படியோ தொட்டவர்களுக்கும் விமோசனம் இல்லை. கருவிக்குள் சின்னச் சின்னப் படங்கள் இருந்தன. சோபா இருந்தது, பூந்தொட்டி இருந்தது, நாய்க்கூடு இருந்தது. விறகு அடுப்பு இல்லை. தண்ணீர்க் குடம் வைக்க இடம் இல்லை. ஆடு இல்லை. கம்மாபுரத்தில் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒருவர், "ஆட்டை நாயின்னு போட்டுக்கலாமா சார்?" என்று பணிவாகக் கேட்டார். கேள்வியை மதித்து அதையும் எழுதிக்கொண்டார்கள். மழைக்கு ஒரு பொத்தான் வேறு. அமுக்கினால் போட்ட கொட்டகையின் மேல் நீலக் கோடுகளாக மழை கொட்டும், கூரை தாங்கினால் பச்சை டிக் விழும். மழையால் வீட்டைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்களிடம் மழையை அமுக்கிக் காட்டுகிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி ஆற்றிலேயே போட்டிருப்பேன்.

கடைசியில் நட்சத்திரம். கருவி எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள். எல்லாரும் ஐந்து போட்டார்கள். கருவியைத் தொடாதவர்களும் ஐந்து. வீடு தரப் போகிறவன் கேட்கும்போது எந்த மடையன் நாலு போடுவான்? சட்டைக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். ஐந்து நட்சத்திரத்தை வைத்து எங்கேயோ ஒரு மேடையில் பேசப் போகிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

என்னை இதில் இழுத்து விட்டவர்கள் தெருக்காரர்கள். நான் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் யூனிட்டில் மண் வார்க்கும் அச்சு செய்பவன். இப்போதெல்லாம் அச்சுக்குப் படத்தைக் கம்ப்யூட்டரில்தான் போடுகிறோம், அதனால் என் விரலில் கொஞ்சம் ரேகை மிச்சம் இருந்தது. "நீங்கதான் தெனம் கம்ப்யூட்டருல டிசைன் போடுறவரு, எங்களுக்கும் போட்டுக் குடுங்களேன்" என்றார்கள். எனக்கும் உள்ளூர ஒரு இது இருந்தது. மெட்ராஸ்காரனுக்கு வேலை என்றால் என்ன என்று காட்டிவிட வேண்டும். யூனிட்டிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்து, டேப்லெட்டை ஒரு பக்கம் திட்டிக்கொண்டே ஒன்பது குடும்பங்களுக்குப் படம் போட்டுக் கொடுத்தேன். பத்தாவதாக வந்தவள் எங்கள் தெருக்கோடி வீட்டு மருமகள்.

அவள் புருஷன் குவைத்தில் இருக்கிறான். வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். மாமனாரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம், கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஜாக்கெட் துணியைக் கண்ணால் பார்த்தே எண்பது சென்டிமீட்டரா, ஒரு மீட்டரா என்று சொல்லிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. வெள்ளத்தன்று அவரை இரும்புக் கட்டிலோடு ஆறு பேர் தூக்கி வந்து மண்டபத்து மூலையில் போட்டோம். படுக்கையிலேயேதான் எல்லாம் என்பதால் அவள்தான் துடைத்துவிட வேண்டும். சுற்றிலும் நூறு கண்.

அவள் என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ண்ணே. மாமா கட்டிலு ஒரு மறைப்புக்குள்ள போவணும். முன்னால துணி இழுத்து வுட்டா ஒருத்தரும் பாக்கக் கூடாது. அவரு சோறு சாப்புடறதையே நிறுத்திட்டாரு, ரெண்டு வாய் கஞ்சியோட சரி."

"ஏம்மா, பசிக்கலையாமா?"

"பசிக்குது. சாப்புட்டா வெளிய போவணும், வெளிய போனா நான் துடைக்கணும், எல்லாரும் பாப்பாங்க. அதான் வாயைக் கட்டிகிட்டாரு."

எனக்கு மனசு கலங்கிவிட்டது. கடைவீதியில் வெள்ளை ஜிப்பா கசங்காமல் நடந்த மனுஷர். இவருக்கு மட்டும் கச்சிதமாகப் போட்டுக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

கருவியில் கட்டிலுக்கும் ஒரு படம் இருந்தது. இழுத்து வைத்தால் தானாகவே எழுபத்தைந்து அங்குலம் எடுத்துக்கொண்டது. படம் இழுக்கப் பிடிக்காதவர்கள் அளவை எண்ணாகப் போட ஒரு பெட்டியும் இருந்தது. அந்தக் கருவியிலேயே உருப்படியான ஒரே சமாச்சாரம் அந்தப் பெட்டிதான். நான் பாய் கட்டிலருகே போய், பின்பாக்கெட்டிலிருந்து என் இரண்டடி மூங்கில் ஸ்கேலை எடுத்து அளந்தேன். இரண்டு முழு ஸ்கேல், மேலே பதினாறு. ஆக அறுபத்துநாலு அங்குலம். பாய் ஆளும் குள்ளம்தான். கட்டிலும் அதற்கேற்ற குட்டைக் கட்டில் என்று நினைத்துக்கொண்டேன். அளக்கும்போது அவர் இடது கையை ஆட்டி ஏதோ குழறினார். "நீங்க சும்மா படுங்க பாய், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நோட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் காட்டினேன். "பாரும்மா, நெஜமான கட்டில் அறுபத்துநாலு. ஒங்க படம் எழுபத்தஞ்சு. பதினோரு இன்ச்சு வீண். ஏசி ரூமுல உக்காந்து கட்டில் செஞ்சா இப்படித்தான் இருக்கும்." கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே எழுதினாள். கட்டிலுக்கு அறுபத்துநாலு, முன்பின் நாலு, ஆக அறுபத்தெட்டு அங்குலத்தில் மறைப்பு போட்டேன். மிச்சம் பிடித்த இடத்தை அடுப்பு மேடைக்குச் சேர்த்தேன். எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை. கருத்துக் கேட்கும் தாளில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். மண்டபத்திலேயே ஒரு நட்சத்திரம் போட்ட ஆம்பளை நான் ஒருவன்தான் என்று வீட்டில் போய்ச் சொல்லவும் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் கொட்டகைகள் எழும்பின. இரும்புக் குழாய்க் கம்பங்களைக் கான்கிரீட்டில் நட்டு, மூங்கில் தட்டி அடைத்து, மேலே தகரம். குடிபோகும் நாளன்று பாயைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நாலு பேர் கட்டிலைத் தூக்கி மறைப்புக்குள் வைக்கப் போனோம். போகவில்லை. சாய்த்தோம், திருப்பினோம், ஒரு காலை முதலில் விட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம் மூலைக் கம்பம், மறுபக்கம் கூரையைத் தாங்கும் கம்பம், அதை ஒட்டி அடுப்பு மேடை. கட்டில் அவற்றுக்கு நடுவே நுழையவே இல்லை. வேறு எங்கும் இடமில்லாமல் வாசலுக்கு நேராகப் போட வேண்டியதாயிற்று. தெருவில் போகிற எவனும் குனியாமலே பார்க்கலாம்.

நான் ஸ்கேலை உருவி மறைப்பை அளந்தேன். அறுபதுதான் இருந்தது. "யோவ் மேஸ்திரி! நான் அறுபத்தெட்டு குடுத்தா நீ அறுபது கட்டி வெச்சிருக்கியே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன். மேஸ்திரி டேப்பை இழுத்துக் காட்டினார். அறுபத்தெட்டு, நூல் பிசகாமல். அப்படியே டேப்பைக் கட்டிலில் வைத்தார். எழுபத்திரண்டு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலியிலிருந்த பாய் இடது கையை நீட்டி என் ஸ்கேலைக் காட்டினார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓர் அங்குலத்துக்கு விரித்து, அதை இன்னும் கொஞ்சம் அகட்டினார். மேஸ்திரிக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அது அச்சு ஸ்கேல். மண் சூளையில் வெந்தால் சுருங்கும். எட்டங்குலப் பொருள் வேண்டுமென்றால் ஒன்பதங்குலத்தில் அச்சு செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமலிருக்க, அங்குலத்தையே எட்டில் ஒரு பங்கு பெரிதாக்கி மூங்கில் பட்டையில் கோடு கிழித்து வைத்துக்கொள்வோம். எங்கள் வேலைக்கு அதுதான் சரி. அதைக் கொண்டு கட்டிலை அளந்தால் எழுபத்திரண்டு அங்குலம் அறுபத்துநாலாகத்தான் தெரியும். சூளைக்குப் போகாத கட்டிலை அதால் அளந்த ஒரே முட்டாள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். மற்ற ஒன்பது குடும்பங்களுக்கு அவர்கள் சொன்ன அளவைப் போட்டதால் அவர்கள் தப்பினார்கள். கச்சிதமாகச் செய்கிறேன் என்று இவர் கட்டிலை மட்டும்தான் நானே அளந்தேன். அந்தப் பொம்மைப் படத்தை அப்படியே இழுத்து வைத்திருந்தால், கட்டில் சுகமாக உள்ளே போயிருக்கும்.

அப்போது நோட்டுப் பெண் டேப்லெட்டோடு வந்தாள். "சார், கட்டில் அளவு அறுபத்துநாலுன்னு பதிவாகியிருக்கே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தினம் அந்தக் கருவியைக் காய்ச்சி எடுத்த வாய். ஒரு நட்சத்திரம் போட்ட கை.

"நான் எழுபத்திரண்டுதான் போட்டேன். ஒங்க கருவி மாத்திடுச்சு" என்றேன்.

சொன்னதுதான் தாமதம், கூட்டம் அவள் மேல் பாய்ந்தது. அப்பவே சொன்னாரு, இது ஆவாத மிஷினுன்னு. ஏழை ஜனம்னா விளையாட்டா? அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் பொறுமையாகத்தான் பேசினாள். "அளவு குடுத்தவங்க, தப்பா குடுத்துட்டோம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா நாளைக்கே கம்பத்தை மாத்திடலாம் சார். கருவி தப்புன்னா சென்னையில செக் பண்ணணும். அதுவரைக்கும் எதையும் தொட முடியாது. நீங்க எழுபத்திரண்டு போட்டது உறுதிதானே?"

"உறுதிதான்" என்றேன். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

சென்னையில் ஐந்து நாள் தேடினார்கள். இல்லாத பிழையை எத்தனை நாள் தேடினால் என்ன? அந்த ஐந்து நாளும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போனேன். ஒரு நாள் அவள் ஒரு கையால் போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போர்வை நழுவி நழுவி விழுந்தது. பாய் கண்ணை இறுக மூடியிருந்தார். அந்தக் கருவி செய்த எந்தக் கோமாளித்தனமும் இவ்வளவு கேவலமாக இருந்ததில்லை. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எழுதவில்லை. நான் எவ்வளவு பெரிய கோழை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவளே வீட்டு வாசலில் வந்து நின்றாள். "மாமா கஞ்சியைக்கூட துப்புறாருண்ணே. இப்படியே போனா போய்ச் சேந்துடுவாரு. அவரு மவனுக்கு நான் என்னா பதிலு சொல்லுவேன்?"

அன்றைக்கே கட்டிலை யூனிட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கால்மாட்டுப் பக்கம் ஆறங்குலத்தை அறுத்தெடுத்து, நானே வெல்டிங் வைத்து, பிசிறு தேய்த்துக் கொண்டு வந்தேன். கம்பத்தை நகர்த்த வக்கில்லை, மனுஷன் படுக்கும் கட்டிலை வெட்டினேன். குள்ளமான மனுஷராக இருந்ததால் பிழைத்தேன். கட்டில் மறைப்புக்குள் போனது. அவள் முன்னால் இருந்த துணியை இழுத்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "ஒன்றரை இட்லி சாப்புட்டாரு. அல்லா உங்களை நல்லா வெச்சிருப்பான்ண்ணே" என்றாள். எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. வேலை இருக்கிறது என்று ஓடி வந்துவிட்டேன்.

அதன் பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டேன். பேட்டைக்கு ஜங்ஷன் ரோடு வழியாகச் சுற்றிப் போனேன். ஒரு மாதம் இருக்கும், நோட்டுப் பெண் யூனிட்டுக்கே தேடி வந்தாள். கொட்டகைகளில் குறை கேட்க வந்தார்களாம், பாய் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போக வேண்டுமாம். மறுக்க வழியில்லை. வாசலில் அந்த மருமகள் நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். நோட்டுப் பெண் சந்தோஷமாக டேப்லெட்டைத் திறந்தாள்.

"உங்க ஃபீட்பேக்தான் சார் எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. எவ்ளோ தேடியும் அந்தப் பிழை சிக்கல. அதனால எண் போடுற பெட்டியையே எடுத்துட்டோம். இனிமே படம் மட்டும்தான். அடுத்த வாரம் சேத்தியாத்தோப்புல எழுபது குடும்பத்துக்கு இதை வெச்சுத்தான் போடப் போறோம்."

கருவியில் உருப்படியாக இருந்த ஒன்றும் போய்விட்டது. ஆட்டுக்காரனும் அடுப்புக்காரியும் இனி தங்கள் அளவைச் சொல்லவே முடியாது. சோபாவையும் பூந்தொட்டியையும் இழுத்து வைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

"பிழை கருவியில இல்லம்மா" என்றேன். ஸ்கேலை எடுத்து அவள் மடியில் வைத்தேன். மண் சுருங்குவதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுபத்திரண்டு போட்டேன் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். டீயை நீட்டியவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், அவள் காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சொன்னேன். நோட்டுப் பெண், பழக்க தோஷம், பேனாவை எடுத்தாள்.

"சார், யாராச்சும் இப்படி வேற ஸ்கேல்ல அளந்தா கருவி எப்படி எச்சரிக்கணும்னு நினைக்கிறீங்க?"

"கட்டில் எழுபத்தைந்துன்னு அது சொல்லத்தான் செஞ்சுதும்மா. நான்தான் சிரிச்சேன்" என்றேன்.

மருமகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரியும்ண்ணே. கட்டிலை வெட்டிக் கொண்டாந்து போட்ட மறுநாளே மாமா சொல்லிட்டாரு. ஐயோ, அஞ்சு நாளு பட்டினி கெடந்தீங்களே, அப்பவே ஏன் எனக்கு சொல்லலன்னு அழுதேன். அவரா வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நீ வாய் தொறக்காதன்னுட்டாரு. தெனம் கேக்குறாரு, வந்தாரா, வந்தாரான்னு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இப்பவாவது உள்ள போயி பாருங்க."

உள்ளே போனேன். மறைப்பின் முன்னால் துணி முழுக்க இழுத்துவிட்டிருந்தது. மண்டபத்தில் அவர் கட்டிலருகே நான் எத்தனை தடவை கேட்காமல் போய் நின்றிருக்கிறேன்.

"பாய், உள்ள வரலாமா?" என்று கேட்டேன்.

துணிக்குப் பின்னாலிருந்து, குழறலாக இருந்தாலும் எனக்கு நன்றாகக் கேட்கும்படி பதில் வந்தது.

"இருங்க."

நின்றேன்.